நெடுநாள் நின்ற கார் கிளம்ப மறுத்தால்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜார்ஜ் டவுன் தெருக்கள் ஓய்ந்தன. மே 4ஆம் நாள் கட்டுப்பாடு தளரும் வரை, ஏறத்தாழ ஏழு வாரம், எங்கள் கார் வாசலிலேயே நின்றது. அந்த வாரங்களின் முடிவில் ஓரிரவு வீட்டு மூதாட்டிக்கு மூச்சுத் திணறல் கண்டது. சாவியைத் திருப்பினோம், 'டக், டக்' என்னும் ஒலியன்றி வேறொன்றும் எழவில்லை. 999 எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. அண்டை வீட்டார் தம் காரில் ஏற்றிச் சென்றதால் அவர் பிழைத்தார். மருத்துவமனை தொலைவிலுள்ள தோட்டத்தில் இவ்வாறு நேர்ந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கார் நின்றிருந்தாலும் அதன் பேட்டரி ஓய்வதில்லை. கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. நம் நாட்டு வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. பினாங்கின் உப்புக் காற்றோ இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது.

முதலில் ஒலியைக் கவனியுங்கள். ஒலியே இல்லை, அல்லது 'டக், டக்' என்று மட்டும் கேட்கிறது என்றால், பெரும்பாலும் பேட்டரியே காரணம். அதன் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால், கம்பிகளைக் கழற்றி, சோடா மாவு கலந்த நீரால் துடைத்து, உலர்த்தி இறுக்குங்கள். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் அது வற்றிவிட்டது என்று கொள்ளலாம்.

வேறொரு காரிலிருந்து மின்சாரம் பெறும்போது வரிசை தவறக் கூடாது. சிவப்புக் கம்பியின் ஒரு நுனியை வற்றிய பேட்டரியின் நேர்முனையிலும், மறுநுனியை நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். பிறகு கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுநுனியை வற்றிய காரின் என்ஜினில், பேட்டரிக்குச் சற்றுத் தள்ளி, வண்ணம் பூசாத உலோகத்தில் பொருத்துங்கள். பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். ஆகவே அருகில் சிகரெட் கூடாது. நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்ட பின்னரே சாவியைத் திருப்புங்கள். ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை வருத்தாமல், இடையே ஓய்வு கொடுங்கள்.

என்ஜின் சுழன்றும் பற்றவில்லையா? எரிபொருளையும் மின்பொறியையும் பாருங்கள். பல மாதம் கிடந்த பெட்ரோல் வீரியம் குன்றும்; புதுப் பெட்ரோல் சேர்த்துப் பாருங்கள். பழையதை வாயால் உறிஞ்சி எடுப்பது உயிருக்கே ஆபத்து. எலி கடித்த கம்பிகளையும், காற்று வடிகட்டியில் கட்டிய எலிக்கூட்டையும் தேடுங்கள். புதர் அருகே நின்ற வண்டியாயின், பாம்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே கையை விடுங்கள்.

நாம் உழைத்து விளைவிக்கும் செம்பனையின் எண்ணெயிலிருந்து செய்யப்படும் உயிரி டீசல், வாகன டீசலில் கலக்கப்படுகிறது; 2019ஆம் ஆண்டில் அதன் அளவு 10 விழுக்காடு ஆனது. அது சாதாரண டீசலைவிட ஈரத்தை மிகுதியாக ஈர்க்கும். தொட்டியின் அடியில் நீர் தேங்கினால் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். ஆகவே லோரியையும் டிராக்டரையும் நெடுநாள் நிறுத்துமுன் தொட்டியை நிரப்புங்கள். மீண்டும் எடுக்கும்போது வடிகட்டியில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.

என்ஜின் கிளம்பியதும் மூடிய கொட்டகையில் ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது ஆளைக் கொல்லும். டயர்க் காற்றைச் சரிபார்த்து, பிரேக்கை மெதுவான வேகத்தில் சோதித்த பின்னரே சாலைக்குச் செல்லுங்கள்.

இவை யாவும் நேராமல் காப்பதே மேல். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் வண்டியை ஓட்டுங்கள். அது இயலாவிட்டால் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வையுங்கள். சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தியே நிறுத்துங்கள். இழுத்துவிட்டால் துருவேறி ஒட்டிக்கொள்ளும்.

அன்றிரவு நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். இன்றே சென்று வாசலில் நிற்கும் வண்டியின் சாவியைத் திருப்பிப் பாருங்கள்.