மொடத்தின் விளக்கைப் பாருங்கள்

(பெரியகல்லாற்றில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றிய பேச்சு)



2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது பாடம் போனுக்குள்ளே வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறியதும் மரமேறியதும் பத்திரிகைகளில் வந்தன. இன்று வீட்டிலேயே இன்டர்நெட் இருந்தாலும், அது நின்றால் அன்றைக்குப் பிள்ளையின் படிப்பும் நின்றுதான் போகுது.

நின்றவுடனே மொடத்தின் சின்னத் துவாரத்தில் ஊசியைக் குத்தாதீர்கள். உள்ளே பதிந்த விபரமெல்லாம் அழிந்துவிடும். முதலில் விளக்குகளைப் பாருங்கள்.

ஒரு விளக்கும் எரியவில்லையா? பிளக்கையும் அடப்டரையும் பாருங்கள்.

பைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னுதா? வெளியிலிருந்து ஒளி வரவில்லை. வயர் மடிந்திருக்கலாம், அறுந்திருக்கலாம். வயரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். டெலிகொம் இணைப்பென்றால் 1212க்குச் சொல்லுங்கள்.

பழைய செப்புக் கம்பி இணைப்பா? போனைத் தூக்கிக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் லைனில் பழுதாக இருக்கலாம். இரைச்சலென்றால் இணைப்பு முனையைப் பாருங்கள். இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்கும்.

விளக்கெல்லாம் சரியா? மொடத்தை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். அப்பவும் வராவிட்டால் பில் கட்டியாச்சா என்று பாருங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் இடி வரும். வானம் கறுக்கும்போதே பிளக்கையும் போன் வயரையும் கழற்றுங்கள். இடி தொடங்கிவிட்டால் தொடவே வேண்டாம். மொடம் போனால் வாங்கலாம், ஆள் போனால் வாங்க ஏலுமா?

இந்த விளக்குகளைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். "இந்த விளக்கு சிவப்பு" என்று போனில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.