திறப்பைக் கையளிப்போம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



திருச்சபையின் வாலிபர் பணியில் தலைமைத்துவத்தை வளர்ப்பது பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். நான் இறையியல் படித்தவள் அல்ல. வைத்தியராக, ஒரு காலத்தில் வாலிபர் சங்கத்தில் இருந்தவளாக, கண்டதைச் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தோம். எனக்கு அப்போது 15 வயது. நாங்கள் தங்கியிருந்த தேவாலய வளவில், இருபது வயதுகூட ஆகாத ஓர் அக்கா மாமரத்தின் கீழ் ஞாயிறு பாடசாலையை ஆரம்பித்தார். மூன்றாவது கிழமை, படங்கள் வைத்திருந்த அலுமாரியின் திறப்பை என் கையில் தந்தார். “வாற ஞாயிறு சின்னப் பிள்ளையளை நீ பாரன். நான் பக்கத்திலதான் இருப்பன்” என்றார். கதையைப் பாதியில் மறந்து நான் திணறியபோது அவர் எழுந்து வந்து வகுப்பைப் பறிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, எங்கே பிழைத்தது என்று என்னிடமே கேட்டார்.

பிற்காலத்தில் உள்ளகப் பயிற்சியிலும் இதே முறையைத்தான் கண்டேன். முதலில் பார்க்கிறோம். பிறகு மூத்த வைத்தியர் அருகில் நிற்க நாமே செய்கிறோம். பிறகு அவர் அடுத்த விடுதியில் இருக்க, நாம் தனியே செய்கிறோம். அடுத்த வருடம் புதிதாக வருபவருக்கு நாமே சொல்லிக் கொடுக்கிறோம். முதல் நாளே தனியே விடுவதும் ஆபத்து. பத்து வருடங்கள் பார்த்துக்கொண்டே நிற்க வைப்பதும் வீண்.

எங்கள் சபைகளில் இந்த இரண்டு பிழைகளும் நடக்கின்றன. பொதுக்கூட்டத்தில் 19 வயதுப் பிள்ளையைச் செயலாளராகத் தெரிவு செய்துவிட்டு, அடுத்த பொதுக்கூட்டம் வரை திரும்பிப் பார்ப்பதில்லை. அல்லது ஒருவரே நாற்பது வயது வரை வாலிபர் தலைவராக இருக்கிறார். பெண் பிள்ளைகள் கதிரை அடுக்குவார்கள், தேநீர் பரிமாறுவார்கள், கூட்டறிக்கை எழுதுவார்கள். தீர்மானம் எடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் இருக்காது.

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். 1881இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் போதகர் பிரான்சிஸ் கிளார்க் ஆரம்பித்த கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் மிஷனரிமார் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. ஒவ்வோர் அங்கத்தவரும் ஒவ்வொரு கூட்டத்திலும் பாட்டுக்கு அப்பால் ஏதாவது ஒரு பங்கு எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. வாய் திறக்கப் பழகாதவர் தலைவராக முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த டி. ரி. நைல்ஸ் 1938இல் தாம்பரம் உலக மிஷனரி மாநாட்டுக்குப் போனபோது வயது 30. பத்து வருடங்களின் பின், 1948இல், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதலாவது பேரவையில், அம்ஸ்ரர்டாமில், ஆரம்பப் பிரசங்கத்தைச் செய்தார். இளம் வயதிலேயே அவருக்கு இடம் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

இனி, என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவ பீடத்தில் படித்த காலத்தில் நான் வாலிபர் சங்கச் செயலாளர். ஒருநாள் ஆராதனை முடிய ஒரு தங்கை வந்து, “அக்கா, நித்திரை வருகுதில்லை. இருந்து என்ன பிரயோசனம் எண்டு கிடக்கு” என்றாள். ஒரு வசனம் சொல்லி ஜெபித்து அனுப்பினேன். பிறகு, நல்லெண்ணத்தோடுதான், அவளுக்காக ஜெபிக்கும்படி செயற்குழுவில் அவள் பெயரையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அயலில் இருந்த ஓர் ஆசிரியை அவளை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றதைப் பல வருடங்களின் பின்னரே அறிந்தேன். இன்று அவள் நலம். அதற்கு நான் காரணம் அல்ல.

ஜெபித்தது பிழையல்ல. கேளாமல் விட்டது பிழை. வெளியே சொன்னது பெரும் பிழை. உயிரை விட நினைக்கிறாயா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. உயிருக்கு ஆபத்தென்றால், அவளுக்குச் சொல்லிவிட்டே, உதவக்கூடியவரிடம் கூட்டிச் செல்ல வேண்டும். அதுவரை தனியே விடக் கூடாது. இதை எனக்கு எவரும் பழக்கியிருக்கவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, எந்தப் பதவியும் இரண்டு வருடங்களுக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது. முதல் நாளிலிருந்தே அடுத்தவர் உதவியாளராகப் பழக வேண்டும். இரண்டு, சிறு தொகையாயினும் வாலிபர்களுக்கென ஒரு நிதியும், சபைச் செயற்குழுவில் வாக்குரிமையும் கொடுங்கள். கணக்கைக் காட்டவும் பழக்குங்கள். மூன்று, ஒவ்வொரு வாலிபர் தலைவருக்கும் செவிகொடுக்கவும் இரகசியம் காக்கவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் பயிற்சி கொடுங்கள். மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கங்கள் ஒவ்வொரு மண்டபச் சுவரிலும் இருக்கட்டும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் அக்காமாரே, கீபோர்ட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் நீங்கள் அனுப்பிய பணத்துக்கு நன்றி. இனி மாதம் ஒரு மணித்தியாலமும் தாருங்கள். உங்கள் சபையிலோ ஊரிலோ ஒரு தங்கையோடு தொலைபேசியில் பேசுங்கள். புத்தி சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள்.

சிறுவன் சாமுவேலை ஆண்டவர் அழைத்தபோது, முதிர்ந்த ஏலி அவனுக்காகப் பதில் சொல்லவில்லை. எப்படிப் பதில் சொல்வதென்று சொல்லிக்கொடுத்து, திரும்பிப் போய்ப் படுக்கச் சொன்னார். காலையில் சிறுவன் கொண்டுவந்த செய்தி ஏலியின் வீட்டுக்கே எதிரானது. அதையும் மறைக்காமல் சொல்லும்படி கேட்டுப் பணிந்தார். வாலிபரை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கடைசிப் பாடமே கடினமானது.

எங்கள் கையிலும் ஏதோ ஒரு திறப்பு இருக்கிறது. அதை ஒரு தங்கையிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்போம்.

ஆண்டவர் எங்கள் பாடசாலையையும் அதன் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.