பழைய வள்ளமும் புதிய விசையும்



இலக்கிய உரைத் தொடரொன்றிலே மாதிரி வள்ளத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பழையதொன்றை வாழவைப்பது எப்படி என்ற கேள்வி எங்களைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு நாளாந்தம் எழுவது. அதே கேள்வியைக் கையும் உளியுமாக எதிர்கொள்பவர்கள் சிலர் உளர். பழைய மாதிரி வள்ளங்களை மின்விசைக்கு மாற்றுவோர் அவர்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்திலே மாதிரி வள்ளம் கட்டுதல் பலரது பொழுதுபோக்காக விளங்கியது. 1950களில் ஏரோகிட்ஸ் என்ற நிறுவனம், வள்ளம் கட்டுவதற்கான ஒட்டுப்பலகைத் துண்டுகளைப் பெட்டியில் இட்டு விற்றது. பிரித்தானிய விமானப்படையின் மீட்புப் படகைப் போன்ற மாதிரி அவற்றுள் பெயர்பெற்றது. அதன் சிறிய வடிவம் ஏறத்தாழ 34 அங்குல நீளமுடையது. தந்தையும் மகனுமாக மாலை வேளைகளில் இருந்து, சட்டங்களை நிறுத்தி, பலகையை வளைத்து ஒட்டிக் கட்டிய வள்ளங்கள் பல இன்றும் இருக்கின்றன. கட்டிய கைகளிற் பல இன்று இல்லை.

அக்காலத்து வள்ளங்கள் பலவற்றுக்கு உயிர் கொடுத்தது சிறு டீசல் இயந்திரம். ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகிய மூன்றும் கலந்ததே அதன் எரிபொருள். அதன் இரைச்சலோ பெரிது. இதனால் இன்று அந்நாட்டின் குளங்கள் பலவற்றில் இத்தகைய இயந்திரங்களுக்கு அனுமதியில்லை. ஆகவே பழைய வள்ளம் ஒன்றில் அலுமாரியின் மேல் தூசி படிந்து கிடக்க வேண்டும். அல்லது மின்சாரத்தை ஏற்க வேண்டும்.

மின்சாரம் வள்ளத்துக்கு நேற்று வந்த விருந்தாளியன்று. 1838இல் ரஷ்யாவின் நேவா ஆற்றிலே யக்கோபி மின்விசையாற் படகு ஓட்டினார். 1881இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றிலே துரூவே ஓட்டினார். 1898இல் நியூயோர்க்கிலே நிக்கொலா டெஸ்லா காட்டிய சிறு படகு, பற்றரியில் ஓடியது. வானொலி அலைகளுக்குக் கீழ்ப்படிந்தது.

இனி மாற்றும் முறையைப் பார்ப்போம். முதலில் இயந்திரத்தைக் கழற்ற வேண்டும். ஆண்டுக்கணக்காக ஊறிய எண்ணெயை மரத்திலிருந்து துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் ஊறிய மரத்திலே பசை பிடிக்காது. பின்னர் மோட்டாரை அமர்த்த வேண்டும். மோட்டாரின் தண்டும் சுழலியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்றல் அவசியம். சற்றுப் பிசகினும் வள்ளம் அதிரும், மின்சாரம் வீணாகும்.

அடுத்தது பாரம். பற்றரியை உள்ளே வைத்து, குளியல் தொட்டியிலே மிதக்கவிட்டு, பழைய நீர்க்கோட்டிலே வள்ளம் நிற்கும்வரை அதை முன்னும் பின்னும் நகர்த்துவர். சரியான இடம் கிடைத்த பின்னரே பற்றரியை நிலையாகப் பொருத்துவர். லித்தியம் பொலிமர்க் கலமொன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ற்று. மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ற்று. அதற்கேற்ற மோட்டாரையும் சுழலியையும் தேர்வர். மின்னேற்றும்போது அருகில் ஆள் இருத்தல் வேண்டும்; இவ்வகைக் கலங்கள் தீப்பற்றக்கூடியவை.

இங்கேதான் ஆசை குறுக்கிடுகிறது. இன்றைய மோட்டார்கள் அளவிற் சிறியவை, வலுவிற் பெரியவை. வலு மிகுந்ததைப் பூட்டினால் வள்ளம் பறக்கும். ஆனால் எழுபது ஆண்டுக்கு முந்திய பசை அந்த வேகத்தைத் தாங்குமா? பலகை பிளந்தபின் வருந்திப் பயனில்லை. ஆகவே விவரமறிந்தவர் பழைய வேகத்துக்குப் போதுமான மோட்டாரையே தேர்கிறார். புதிய பாகங்களை, முன்பு இயந்திரம் இருந்த அதே மரத்தாங்கிகளின் மேலே திருகாணியால் இறுக்குகிறார். உடலிலே புதிதாகத் துளை இடுவதில்லை. கழற்றிய இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைக்கிறார். நாளை ஒருவர் விரும்பினால் பழைய நிலைக்கே மீட்கலாமல்லவா?

இந்தப் பணிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. காலத்தோடு வரும் மாற்றத்தை நன்னூலாரும் குற்றமாகக் கொள்ளவில்லை. பழைய காவியத்தை நாடகமாக்குவோரும், சங்கப் பாடலுக்கு இன்றைய உரை எழுதுவோரும் செய்வது இவ்வகை வேலையே. தொடவே கூடாது என்று பூட்டி வைத்தால், நூல் அலுமாரியின் மேலிருக்கும் வள்ளமாகிவிடும். நம் விருப்பத்தின் வேகமெல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றினால், நூல் பிளந்து நம் குரல் மாத்திரமே மிஞ்சும்.

மூலத்தின் நீர்க்கோடு எது என்று முதலில் அறிய வேண்டும். அதன்மேல் நாம் ஏற்றும் பாரம் அந்தக் கோட்டை அமிழ்த்தாதிருக்க வேண்டும். நமக்குப் பின் வருபவர் மூலத்துக்குத் திரும்பும் வழியும் திறந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் காப்பவரின் கையிலே பழைய வள்ளம் மீண்டும் நீரில் இறங்கும். பழைய நூலும் அவ்வாறே.