மேஸ்திரி எதற்காக?

(புதிதாக மேஸ்திரிகளாகவும் குழுத் தலைவர்களாகவும் அமர்ந்த தோழர்களின் கூட்டமொன்றில் பேசியது)



தன்னுடன் வேலை செய்கிறவர்களின் முன்னேற்றத்துக்கு ஒரு தலைவன் எவ்விதம் துணையாயிருப்பது என்பதைப் பற்றி இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கின்றார்கள். இதைப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்களானால், இவ்விஷயத்தில் நாம் ஒரு பெரிய தப்பு செய்தவர்கள் என்கின்ற யோக்கியதை ஒன்றுதான் உண்டு. படிப்பும் பட்டமும் நமக்குக் கிடையாது. ஆகையால் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு, மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன் நாம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரியாயிருந்தோம். பன்னிரண்டு தறிகள். அதற்கு முன் அதே கூடத்தில் தறி ஓட்டியவர்கள்தான் நாம். மேஸ்திரியான மறுநாளே நமது குரல் மாறிவிட்டது. தறி நின்றால் "யார் நிறுத்தினது?" என்பதுதான் நமது முதல் கேள்வி. எதனால் நின்றது என்று கேட்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. இழை அறுந்தது என்று ஒருவன் சொன்னால், "உன் கையில் மாத்திரம் ஏன் அறுகிறது?" என்போம். இந்த வித்தையை நமக்கு முன்னிருந்த மேஸ்திரியிடம் கற்றோம். அவர் அவருக்கு முன்னிருந்தவரிடம் கற்றிருப்பார். பாட்டன் சொத்து வந்து சேராவிட்டாலும் இந்தச் சொத்து மாத்திரம் தவறாமல் வந்து சேருகின்றது.

ஒரு நாள் இரவு ஷிப்டில் ஒரு தறியிலிருந்து நாடா தெறித்து, ஓட்டிக் கொண்டிருந்த இருபது வயதுப் பிள்ளையின் முகத்தில் அடித்துவிட்டது. கண்ணுக்கு ஓரங்குலம் கீழே. நாலு தையல் போட்டார்கள். தறியைப் பார்த்தால் பிக்கர் தேய்ந்து குழி விழுந்து கிடக்கின்றது. நாடா ஒரு தினுசாக இடிப்பது இரண்டு நாளாகவே அவனுக்குத் தெரிந்திருக்கின்றது. பின் ஏன் சொல்லவில்லையென்று கேட்டோம். கட்டுப் போட்ட முகத்தோடு, "சொன்னா வைவீங்கண்ணா" என்றான்.

அந்தக் கூடத்தில் வருஷா வருஷம் தறிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பது வழக்கம். விக்கினம் தீர்ப்பதற்கென்றே வாசலில் ஒரு சாமியும் இருந்தது. ஆனால் விக்கினம் எங்கேயிருந்ததென்றால், அந்தப் பிள்ளைக்கும் பிக்கருக்கும் நடுவில் நாமல்லவா நின்று கொண்டிருந்தோம்!

நிற்க. இனி வேறு தேசத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். அதுவும் தறியில் ஆரம்பிப்பதால் உங்களில் பலருக்குச் சுலபமாய் விளங்கும். ஜப்பானில் சாக்கிச்சி டொயோடா என்று ஒருவர். தச்சர் மகன். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும்படியான தறியை 1924ல் செய்து முடித்தார். எந்த லங்காஷயர் துணி நமது நெசவாளர் வயிற்றிலடித்ததோ, அந்த லங்காஷயரிலுள்ள பிளாட் பிரதர்ஸ் கம்பெனியாரே 1929ல் விலை கொடுத்து அந்தத் தறியின் உரிமையை வாங்கினார்கள். கோளாறு வந்தால் நிற்க வேண்டும். நின்றால்தான் கோளாறு எதுவென்று தெரியும். சங்கதி இவ்வளவுதான். நாமோ தறி நிற்பதையே குற்றமென்று பிள்ளைகளுக்குப் போதித்துக் கொண்டிருந்தோம்.

அந்தக் குடும்பத்தார் 1937ல் மோட்டார் கம்பெனி ஆரம்பித்தபின், இந்த யுக்தியை மனிதர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் கொண்டுவந்தார்கள். அதில் முக்கியமானவர் தாயிச்சி ஓனோ என்பவர். இயந்திரம் நின்றால் ஐந்து தரம் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுவார். அவர் காட்டும் உதாரணம் இது: இயந்திரம் ஏன் நின்றது? பாரம் அதிகமாகி பியூஸ் போயிற்று. பாரம் ஏன் அதிகமாயிற்று? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டியில்லாமல் இரும்புத் தூள் உள்ளே போயிற்று. முதல் "ஏன்" ஓடு நின்றவன் பியூஸை மாற்றிவிட்டுப் போவான். அடுத்த வாரம் மறுபடியும் பியூஸ் போகும். இவ்வைந்து கேள்வியில் ஒன்றாவது "யார்?" என்று ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனிக்கக் கோருகின்றோம். தலையெழுத்து என்று சொல்லிவிட்டாலும் சரி, அவன் சோம்பேறி என்று சொல்லிவிட்டாலும் சரி, அதற்குமேல் கேள்வி கேட்க வேண்டிய சிரமம் இல்லாமல் போய்விடுகின்றதல்லவா?

ஜப்பானியருடைய சுபாவம் அப்படி, நம்மவர்களுக்கு ஒத்துவராது என்று சொல்லுவோருக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கின்றது. கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாருக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. தொழிலாளிகளில் நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. வந்தவர்களிலும் சிலர் குடிப்பார்கள். வேண்டுமென்றே வண்டியில் கோளாறு வைத்து அனுப்புவார்கள். எது கெட்டாலும் வரிசை நிற்கக் கூடாதென்பது அங்கே சட்டம். உருப்படாத ஆட்களென்று பெயர் வைத்து 1982ல் மூடிவிட்டார்கள். 1984ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டிடத்தைத் திறந்து, பெரும்பாலும் அதே தொழிலாளிகளை, அதே சங்கத்தோடு, வேலைக்கு எடுத்தார்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு குழுத் தலைவர்; அவரும் மணிக்கூலி வாங்கும் சங்க அங்கத்தினரே. தலைக்குமேல் ஒரு கயிறு. கோளாறு கண்டவர் எவரானாலும் இழுக்கலாம். இழுத்தால் விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடிவந்து கைகொடுப்பார். அதற்குள் தீராவிட்டால் வரிசை நிற்கும். யாராவது வராவிட்டால் அந்த இடத்தில் நின்று வேலை செய்வதும் அவர்தான். வேலைக்கு வராதோர் தொகை நூற்றுக்கு நாலுக்குள் வந்துவிட்டது. ஆள் மாறவில்லை, தோழர்களே! ஆளைப் பார்த்த பார்வை மாறிற்று.

இதைச் சொல்லுவதால் முதலாளிக்குத் துதி பாடுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்த முறை தொழிலாளியை மூச்சுவிடாமல் பிழிகின்றது என்று தொழிலாளர் பக்கத்திலிருந்தே மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் என்ற இருவர் 1988ல் கண்டித்து எழுதினார்கள். அதிலும் நியாயம் உண்டு. 2010ல் அந்தத் தொழிற்சாலையை மூடினபோது எந்தக் கயிற்றை இழுத்தும் அதை நிறுத்த முடியவில்லை. ஆனால் மேஸ்திரியாகிய உங்கள் கையிலிருப்பது தொழிற்சாலையல்ல. அதில் நாலைந்து பேருடைய பகல் பொழுதுதான். அதைப்பற்றித்தான் பேசுகின்றோம்.

நம்முடைய நாடாவுக்கும் அந்த ஐந்து கேள்விகளைப் பின்னர் கேட்டுப் பார்த்தோம். நாடா ஏன் தெறித்தது? பிக்கர் தேய்ந்தது. ஏன் மாற்றவில்லை? நமக்குத் தெரியாது. ஏன் தெரியாது? அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வைவோம். ஏன் வைதோம்? இந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டோம். மீட்டர் குறைந்தால் முதலாளி நம்மை வைவார் என்பது பாதி. மற்றப் பாதி, நம்மைக் கண்டு நாலு பேர் நடுங்கினால்தான் நாம் பெரியவர் என்று நமக்குள் இருந்த அற்பத்தனம். பிக்கரை மாற்ற பத்து நிமிஷம் போதும். அந்த அற்பத்தனத்தை மாற்ற வருஷங்கள் ஆயின; முழுவதும் மாறிற்றென்று இன்றும் சத்தியம் செய்ய மாட்டோம். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு விதமாகக்கூடச் சொல்லுவார்கள்.

கயிறு கட்ட நமக்கு வசதியில்லை. சிவப்புத் துணியைக் கிழித்துத் தறிக்கு ஒன்றாகக் கொடுத்து, சந்தேகம் வந்தால் தறியை நிறுத்தி இதைக் கட்டுங்கள், நாம் வருகின்றோம் என்றோம். பத்து நாள் வரையில் ஒருவரும் கட்டவில்லை. நம்மை நம்ப அவர்களுக்கு என்ன காரணமிருந்தது? முதலில் கட்டினவன் அந்தத் தையல் போட்ட பிள்ளைதான். போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஒரு திருகு தளர்ந்திருந்தது. கூடம் முழுவதும் நமது வாயையே பார்த்துக் கொண்டிருந்தது. வாய் வரைக்கும் பழைய வார்த்தை வந்ததென்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். "நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தோம். அந்த வாரக் கடைசிக்குள் ஏழு தறிகளில் துணி கட்டியிருந்தார்கள். அதில் மூன்று பிக்கர்கள் உண்மையாகவே தேய்ந்திருந்தன.

சனிக்கிழமை முதலாளி வந்து மீட்டர் ஏன் குறைந்ததென்று கேட்டார். நாம்தான் நிறுத்தச் சொன்னோம் என்றோம். நமது சம்பளத்தில் இருநூறு ரூபாய் பிடித்துக் கொண்டார்.