காவலின்றிச் சென்றோர்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலைச் சீனக்குடாத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் கடற்படையின் ஆறு ‘சுவோர்ட்ஃபிஷ்’ விமானங்கள் டார்பிடோ தாங்கிக் கொழும்பை நோக்கிப் புறப்பட்டன. துணி போர்த்த, இரட்டை அடுக்குச் சிறகுடைய அவற்றின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர். எதிர்ப்பட்ட ஜப்பானியச் ‘சீரோ’ விமானங்களோ 500ஐத் தாண்டிப் பறப்பவை. பகைக் கப்பலைக் காணுமுன்னரே ஆறும் வீழ்த்தப்பட்டன. வீரர் சிலர் பிழைத்தனர், ஏனையோர் மாண்டனர்.

நான்கு நாட்களின் பின், திருகோணமலைத் துறைமுகத்தினின்று அகன்ற ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன் விமானங்களைக் கரையிலே விட்ட நிலையில், மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 307 பேர் மடிந்தனர்.

காவலற்ற விமானம், விமானமற்ற கப்பல்: இரண்டிலும் விலை கொடுத்தோர் கட்டளைக்குப் பணிந்தோரே. அவர்தம் தியாகத்தைப் போற்றுவோர், அவர்களுக்குக் கிட்டாத பாதுகாப்பையும் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.