படப் புத்தகமும் பல வீட்டுப் பிள்ளைகளும்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் ஒரே வகுப்பில் அமரும் பிள்ளைகள் யாவரும் ஒரே விதமான வீட்டினர் அல்லர். ஒரு வீட்டில் தமிழ், மற்றொரு வீட்டில் தெலுங்கு. ஒரு தந்தை உழவர், ஒரு தாய் நூற்பாலைத் தொழிலாளி. மலையடிவாரத்திலே பளியர் குடும்பங்களும் வாழ்கின்றன. தன் வீட்டைப் போன்ற வீடு எந்தப் புத்தகத்திலும் இல்லையெனில், படிப்பு தனக்குரியதன்று என்றே குழந்தை எண்ணிவிடும். நாளடைவில் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடவும் கூடும்.

எழுத்தறியாத குழந்தையும் படத்தைப் பார்த்துப் பேசும். ஆசிரியர் பக்கத்தைக் காட்டி, "இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?" என்று கேட்டால் போதும். தேனெடுக்கும் படத்தைக் கண்டால் பளியர் சிறுவன் வாய் திறப்பான். மற்றவர் அவனிடம் கற்பர். வேற்றுமை ஏளனத்திற்குரியதன்று என்பது உபதேசமின்றியே விளங்கும்.

2023இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு கதை நூல்களை அளித்தது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் எழுந்தன. அவை பூட்டிக் கிடக்கலாகாது. மாலைதோறும் திறக்கவும், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இடம்பெறும் படப் புத்தகங்களை வாங்கவும் அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் நிறைவேற்றுமாறு வேண்டிக்கொள்கிறோம்.