நம்ம வீடியோவை எங்கே வைக்கிறது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது படிச்சவ. வீட்டைப் பார்த்துக்கிட்டு, எங்க குழுவுக்கு நோட்டு எழுதிக்கிட்டு இருக்கேன். போன வருஷத்திலிருந்து குழு வீடியோவையும் நான்தான் பார்க்கிறேன். கூட்டமைப்புக்கு ஒரு இணையதளம் ஆரம்பிக்கலாம், அதில் எல்லாக் குழுவோட வீடியோவும் போடலாம்னு பேச்சு வந்திருக்கு. அதனால என்னைப் பேசச் சொன்னாங்க. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. எழுதி வச்சதைப் பார்த்துத்தான் சொல்றேன்.

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்க போனில் யூடியூப்பைத் திறந்து பொட்டிபுரம்னு தேடிப் பாருங்க. நியூட்ரினோ, நியூட்ரினோன்னு வரும். அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு ஆய்வுக்கூடம் கட்ட சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும், அதுக்கு எதிர்ப்பும், வழக்கும், 2022-ல் மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டில் மறுப்புச் சொன்னதும் நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த நாளெல்லாம் கேமராக்காரங்க வந்தாங்க, மலையை எடுத்தாங்க, மாட்டை எடுத்தாங்க, நம்மளையும் எடுத்தாங்க. வேணும்ங்கிறவங்களும் எடுத்தாங்க, வேண்டாம்ங்கிறவங்களும் எடுத்தாங்க. நான் அந்த வழக்குக்குள்ளே போகலை. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். இத்தனை வீடியோவில் நம்ம ஆளுக நாமளா எடுத்து நாமளா போட்டது தேடினாலும் கிடைக்கலை. நம்மளைப் பத்தி வேற யாரோ சொல்றதுதான் இருக்கு.

இது நமக்கு மட்டும் வந்த யோசனை இல்லை. குஜராத்தில் அகமதாபாத்தில் இலா பட் அம்மா 1972-ல் ஆரம்பிச்ச சேவா சங்கத்தைப் பயிற்சியில் கேட்டிருப்பீங்க. அந்தச் சங்கத்துப் பெண்கள் 1984-லேயே வீடியோ கேமரா பழகிட்டாங்க. காய்கறி விற்கிறவங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க எல்லாம் அதில் இருந்தாங்க. மானேக் சௌக் சந்தையில் உட்கார்ந்து விற்க இடம் வேணும்னு போராடின காய்கறிக்காரப் பெண்களை அவங்களே படம் எடுத்தாங்க. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில் சங்கத்துப் பெண்கள், காட்டு வேலை செய்றவங்க, விதையைப் பத்தியும் சிறுதானியத்தைப் பத்தியும் படம் எடுத்தாங்க. அவங்களுக்கு அன்னிக்கு இருந்த கஷ்டம், கேசட்டைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய், டிவிப் பெட்டி வச்சுப் போட்டுக் காட்டணும். நமக்கு அது இல்லை. கேமரா இடுப்பிலேயே இருக்கு. போடுற இடம்தான் தெரியணும்.

எங்க குழு கதையைச் சொல்றேன். போடியில் இலவம்பஞ்சு எவ்வளவு பேர் போனதுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்க குழு தலையணை தைக்குது. வெளியூர்க்காரங்க கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? விலை இல்லை. "இது நிஜ இலவம்பஞ்சுதானா, கழிவுப் பஞ்சு கலக்கலையே?" இதுக்கு வாயால என்ன சத்தியம் பண்ணினாலும் போனில் கேட்கிறவங்க நம்ப மாட்டாங்க. அதனால சித்திரை மாசம் காய் வந்தப்போ ஒரு வீடியோ எடுத்தோம். காயை உடைக்கிறது, பஞ்சை எடுக்கிறது, கொட்டையைத் தனியாப் பிரிக்கிறது, உறையில் அடைக்கிறது, வாயைத் தைக்கிறது. கடைசியில் எங்க குழுவிலேயே வயசான ஆத்தா ஒரு வாளித் தண்ணியில் ஒரு பிடி பஞ்சைப் போட்டு அமுக்கிக் காட்டுச்சு. அமுக்கினாலும் மேலே வந்துடும். இலவம்பஞ்சு லேசில் தண்ணியை உறிஞ்சாது. அந்தக் காலத்தில் கப்பலில் உயிர்காக்கும் உடுப்புக்குள்ளே இதைத்தான் வச்சுத் தைச்சாங்களாம். மொத்தம் ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் கலப்படமான்னு கேட்கிறவங்களுக்கு நாங்க பதிலே சொல்றதில்லை, லிங்க்கை அனுப்பிடுறோம்.

எடுக்கிறதைப் பத்தி ரெண்டே சொல்தான். ஒண்ணு, வெளிச்சம் முகத்துக்கு நேரா இருக்கணும், முதுகுக்குப் பின்னாடி இருக்கக்கூடாது. ரெண்டு, ஆடி மாசக் காத்தில் வெளியே நின்னு பேசாதீங்க. நம்ம ஊர்க் காத்து பேச்சையே தூக்கிக்கிட்டுப் போயிடும், கேட்கிறவங்களுக்குப் புஸ் புஸ்னு மட்டும்தான் கேட்கும். பஞ்சு வேலைக்குக் காத்து எப்பவுமே ஆகாது, அது வேற விஷயம்.

இப்போ வைக்கிற இடத்துக்கு வர்றேன்.

போனிலேயே வச்சா, ஒரு நிமிஷ வீடியோ நல்ல தெளிவில் எடுத்தாலே சுமார் 100 எம்பி தின்னும். பத்து வீடியோ எடுத்தா போன் திணறும். பிள்ளைங்க கேம் ஏத்த இடமில்லைன்னு முதல்ல அழிக்கிறது நம்ம வீடியோவைத்தான். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டா, அனுப்பும்போதே அது வீடியோவைச் சுருக்கி அனுப்புது, படம் மங்கிடுது. தெளிவா அனுப்பணும்னா வீடியோன்னு அனுப்பாம டாக்குமெண்ட்னு எடுத்து அனுப்புங்க, அப்படியே போகும். ஆனாலும் குரூப்பில் இல்லாத ஆளு அதைத் தேடி வந்து பார்க்க வழியில்லை. நாலு நாளில் காலை வணக்கம் படத்துக்கு அடியில் புதைஞ்சு போயிடும்.

அப்போ இணையதளத்திலேயே நேரா ஏத்திடலாமே? இதைத்தான் எல்லாரும் கேட்கிறாங்க. ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்தை நினைச்சுப் பாருங்க. வியாபாரிங்க முன்னாடி மூட்டையையா கொண்டுவந்து கொட்டுறாங்க? மூட்டை குடோனில் கிடக்கு. மேஜைக்கு வர்றது மாதிரிக் காய். அது மாதிரிதான் இதுவும். இணையதளம்ங்கிறது நாம வாடகைக்கு எடுக்கிற சின்னக் கடை. எழுத்து, போட்டோ அதில் வைக்கலாம். வீடியோங்கிற மூட்டையை அதுக்குள்ளே அடைச்சா, ஒவ்வொருத்தர் பார்க்கும்போதும் அந்தக் கடைதான் சுமந்து அனுப்பணும். வாடகையில் இவ்வளவுதான்னு அளவு இருக்கும். ஒரே நேரத்தில் நிறையப் பேர் வந்தா சுத்திக்கிட்டே நிக்கும். அதனால மூட்டையை யூடியூப்பில் வைக்கிறது, இணையதளத்தில் அதுக்கான சின்ன கோடை மட்டும் ஒட்டுறது. பார்க்கிறவங்களுக்கு நம்ம பக்கத்திலேயே ஓடுற மாதிரித் தெரியும், உள்ளபடிக்கு யூடியூப் குடோனிலிருந்து வரும். அந்த கோடு யூடியூப்பிலேயே ஷேர் அமுக்கினா, எம்பெட்னு ஒரு இடத்தில் இருக்கு. போனில் அது தெரியலைன்னா கம்ப்யூட்டரில் எடுத்துக்கலாம்.

இன்னொரு லாபமும் இருக்கு. நாம ஒரு தடவை ஏத்தினா, யூடியூப் அதைப் பெரிசு, நடுத்தரம், சின்னதுன்னு பல அளவில் செஞ்சு வச்சுக்குது. சிக்னல் நல்லா இருக்கிற ஊரில் தெளிவா ஓடும். மேலே எஸ்டேட்டில் ஒரு புள்ளி சிக்னலில் இருக்கிற நம்ம தங்கச்சிக்குக் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் நிக்காம ஓடும்.

ஏத்தும்போது யார் பார்க்கலாம்னு கேட்கும். பப்ளிக்னா ஊர் உலகம் எல்லாம். அன்லிஸ்டட்னா தேடினாக் கிடைக்காது, லிங்க் வச்சிருக்கிறவங்க மட்டும் பார்க்கலாம். ஆனா அந்த லிங்க்கை அவங்க இன்னொருத்தருக்குக் கொடுத்தா அவங்களும் பார்க்கலாம், இதை மறந்துடாதீங்க. பிரைவேட்னா நாம பேர் சொல்லி அழைச்சவங்க மட்டும். தலையணை வீடியோ பப்ளிக். எப்படித் தைக்கிறதுன்னு புது உறுப்பினருக்குச் சொல்லிக்கொடுக்கிற வீடியோ அன்லிஸ்டட். 15 நிமிஷத்துக்கு மேலே நீளமான வீடியோன்னா முதலில் போன் நம்பரைக் கொடுத்து உறுதிப்படுத்தணும். தலைப்பில் "எங்கள் குழுவின் இனிய பயணம்"னு எழுதினா ஒருத்தரும் தேடி வர மாட்டாங்க. "இலவம்பஞ்சு தலையணை, போடி"ன்னு எழுதுங்க. வாங்குறவங்க எதைத் தட்டித் தேடுவாங்களோ அதுதான் தலைப்பு. சினிமாப் பாட்டைப் பின்னாடி போட எல்லாருக்கும் ஆசை. போட்டா, பாட்டுக்குச் சொந்தக்காரங்க சிக்க வச்சிடுவாங்க. வீடியோவையே தடுக்கவும் அவங்களுக்கு உரிமை இருக்கு. நம்ம குலவைச் சத்தம் இருக்கே, அதுக்கு யார் வந்து கேஸ் போடுவா?

அடுத்தது, நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைச்சது. சேனல் யார் பேரில் இருக்கு?

குழுவுக்கு வங்கிக் கணக்கு ஆரம்பிக்கும்போது ஒரு ஆள் பேரில் ஆரம்பிக்க விட்டோமா? ஊக்குநர், பிரதிநிதின்னு சேர்ந்துதானே கையெழுத்துப் போடுறோம். சேனலுக்கு மட்டும், யாரோ விவரமான பிள்ளை அவ ஜிமெயிலில் ஆரம்பிச்சுக் கொடுத்துடுது. அது நாளைக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போயிடும். போன் மாறும், பாஸ்வேர்டு மறக்கும். வீடியோ அங்கேயே இருக்கும், நாம ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதனால கூட்டமைப்புக்குன்னு தனி ஜிமெயில் வேணும். மீட்புக்கான நம்பரா கூட்டமைப்பு போன் நம்பரைக் கொடுக்கணும். யூடியூப் ஸ்டூடியோவில் அனுமதிகள்னு ஒரு இடம் இருக்கு. அதில் ரெண்டு மூணு பேரை மேனேஜர், எடிட்டர்னு சேர்க்கலாம். பாஸ்வேர்டைக் கொடுக்காமலே வேலையைக் கொடுக்கலாம், வேலை முடிஞ்சா எடுத்துடலாம். யாரைச் சேர்த்தோம், எப்போ எடுத்தோம்ங்கிறது தீர்மானப் புத்தகத்தில் ஏறணும். மூல வீடியோவை ஒரு பென்டிரைவில் போட்டு கூட்டமைப்பு அலுவலகப் பீரோவில் வைக்கணும்.

காசு வருமான்னு கேட்பீங்க. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் தாத்தாவும் பேரன்மாரும் 2018-ல் ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டிச்சு, கொரோனா நிதிக்கு முதலமைச்சரிடம் 10 லட்சம் கொடுத்தாங்க. கேட்கச் சந்தோஷமா இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. விளம்பரக் காசு வர, 1,000 சந்தாதாரரும், ஒரு வருஷத்துக்குள்ளே ஜனங்க 4,000 மணி நேரம் பார்த்திருக்கிறதும் வேணும். 4,000 மணி நேரம்னா 2,40,000 நிமிஷம். எங்க ரெண்டு நிமிஷ வீடியோவை முழுசா 1,20,000 தடவை பார்க்கணும். அந்தக் காசை நம்பி எங்க குழு உட்காரலை. ஒரு வீடியோ பத்துத் தலையணை வித்துக் கொடுத்தா எங்களுக்குப் போதும்.

போன் நம்பரை வீடியோவில் போட்டா ஆர்டரும் வரும், ஏமாத்துக்காரனும் வருவான். "நூறு தலையணை வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரை அடிங்க"ன்னு சொல்லுவான். பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. கொடுக்கிறதுக்குத்தான் பின். பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்குப் போன் பண்ணணும், நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்கக்கூடாது.

கடைசியா ஒரு அக்கா விஷயம். பேர் சொல்ல மாட்டேன், சொல்லலாம்னு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஏலக்காட்டு வேலைக்கு விடியக்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் சாயங்காலம் திரும்புறவங்க. ஒருநாள் திரும்பும்போது அசதியில் வாயைத் திறந்து தூங்கிட்டாங்க. யாரோ ஒரு பையன் பின்னாடி வண்டியில் வந்து அதை எடுத்து, காமெடி வசனம் சேர்த்து யூடியூப்பில் போட்டுட்டான். வெளியூரில் வேலை பார்க்கிற அவங்க மகன் பார்த்துட்டுப் போன் பண்ணினான். அவன் கோபப்பட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பாங்களாம். "நீ இனிமே வேலைக்குப் போகாதம்மா"ன்னு அழுதானாம். நாலு நாள் அந்த அக்கா வீட்டை விட்டு வெளியே வரலை.

நாங்க உட்கார்ந்து பார்த்தோம். யூடியூப்பில் தனியுரிமைப் புகார்னு ஒரு வழி இருக்கு. படத்தில் இருக்கிற ஆளே கொடுக்கணும், பொதுவா நாம அவங்களுக்காகக் கொடுக்க முடியாது. வீடியோ லிங்க், எத்தனாவது நொடியில் முகம் தெரியுது, என்ன சேலை கட்டியிருந்தாங்க, இதெல்லாம் எழுதணும். அந்த அக்கா சொல்லச் சொல்ல நான் அவங்க போனிலேயே அடிச்சேன். போட்டவங்களுக்கு 48 மணி நேரம் அவகாசம் கொடுப்பாங்களாம். மூணாம் நாள் வீடியோ இல்லை. யாராவது இறக்கி வச்சிருந்தா அதை நாம அழிக்க முடியாது, அதையும் அந்த அக்காகிட்ட மறைக்காமச் சொன்னோம். மிரட்டல், அசிங்கமான படம்னு போனா அது போலீஸ் விஷயம். 181-க்குப் பேசலாம், சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம்.

அந்த அக்கா மறுபடியும் ஜீப்பில் போறாங்க. இப்போ முந்தானையை முகத்தில் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறாங்க.

அதனால இணையதளம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கிறேன். வீடியோவில் முகம் தெரியுற ஒவ்வொரு உறுப்பினரும் போடுறதுக்கு முன்னாடி முழு வீடியோவையும் பார்க்கணும். பார்த்துட்டுச் சரின்னு கையெழுத்து, இல்லாட்டி ரேகை வைக்கணும். பின்னாடி எப்போ வேண்டாம்னு சொன்னாலும், காரணம் கேட்காம எடுத்துடணும். குழுக் கூட்டத்தை எடுக்கும்போது பாஸ்புக், ஆதார், கடன் பாக்கி எழுதின பலகை எதுவும் படத்தில் விழக்கூடாது. யார் எத்தனை தவணை நிறுத்தியிருக்காங்கன்னு ஊருக்குக் காட்டவா குழு நடத்துறோம்?

சாப்பாட்டுக்கு அப்புறம் பின்னாடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். ஏத்திப் பழக நினைக்கிறவங்க போனோட வாங்க. சார்ஜ் போட ஒரே ஒரு பிளக்தான் இருக்கு, வீட்டிலேயே போட்டுட்டு வந்தவங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றேன்.